உருதுவில் உயிரியல்: உஸ்மானியாப் பல்கலைக் கழக அனுபவமும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

1. முன்னுரை

இந்திய மொழியொன்றைப் பல்கலைக் கழக நிலையில் அறிவியலின் பயிற்று மொழியாகக் கொள்ள இயலுமா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. விடை கூற முற்படுவோர் ‘இயலும்’, ‘இயலாது’ என இரு கட்சியாகப் பிரிந்து நின்று வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி போதிய அளவு கருதப்படுவதில்லை. ஐதராபாத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் இது வாதமாக இராமல் அன்றாட நடைமுறையாக இருந்தது. அங்கு மாணவர் உயிரியலை உருதுவில் கேட்டனர். உருதுவில் தேர்வு எழுதினர். உருதுவில் மருத்துவம் கற்று மருத்துவராயினர்.

அம்முயற்சி எவ்வாறு தொடங்கியது, உயிரியலுக்கு வேண்டிய சொற்களை எவ்வாறு ஆக்கிக் கொண்டது, ஏன் நின்றது, நின்றபின் அச்சொற்கள் என்னவாயின என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். உயிரியலைத் தமிழில் மொழிபெயர்ப்போருக்கும் கலைச்சொல் ஆக்குவோருக்கும் இவ்வரலாறு பயன்படும் என்பது கட்டுரையாளரின் கருத்து. சொல்லின் வேர் எம்மொழியினது என்னும் வினாவில் நாம் செலவிட்ட உழைப்பு மிகுதி. அச்சொல்லைக் கொண்டு யார், எதற்காக, என்ன எழுதினர் என்னும் வினாவில் செலவிட்ட உழைப்பு குறைவு. ஐதராபாத் வரலாறு இரண்டாவது வினாவின் இன்றியமையாமையைக் காட்டுகிறது.

2. பல்கலைக் கழகத்திற்கு முன்

நிசாம் ஆட்சிப் பகுதியில் உயிரியல் சார்ந்த கல்வி மருத்துவத்தின் வழியாகவே முதலில் நுழைந்தது. 1846இல் ஐதராபாத் மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. ஆங்கிலேய மருத்துவர்கள் நடத்திய பள்ளியாயினும் அதன் தொடக்கக் காலப் பயிற்று மொழி உருதுவேயாகும். பின்னர் 1880களில் அப்பள்ளி ஆங்கிலத்திற்கு மாறியது. 1920களில் உஸ்மானியா மருத்துவக் கல்லூரி என உயர்ந்தபோது மீண்டும் உருது வந்தது. 1948க்குப் பின் மீண்டும் ஆங்கிலம் வந்தது. ஒரே நிறுவனம் ஒரு நூற்றாண்டுக்குள் மும்முறை மொழி மாறியமை இந்திய மருத்துவக் கல்வி வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் முந்தைய மொழியில் சேர்ந்திருந்த பாடக் குறிப்புகளும் சொற்பழக்கமும் பயனற்றுப் போயின.

இதே நகரின் இரட்டை நகரமாகிய செகந்தராபாத்தில்தான் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தலைவாயிலில் உயிரியலின் பெருங்கண்டுபிடிப்பு ஒன்று இம்மண்ணில் நிகழ்ந்தது. ஆனால் அது எழுதப்பெற்றதும் அறிவிக்கப்பெற்றதும் ஆங்கிலத்தில். கண்ட இடம் ஒன்று, எழுதிய மொழி வேறொன்று என்னும் இந்நிலை பின்னர் உருதுப் பல்கலைக் கழகம் வந்த காலத்திலும் மாறவில்லை என்பதைக் கீழே காண்போம்.

3. மொழிபெயர்ப்புப் பணியகம்

ஏழாம் நிசாம் மீர் உஸ்மான் அலி கான் 1917இல் பல்கலைக் கழகம் அமைக்க ஆணையிட்டார். அதற்கான கருத்துருவை வகுத்தவருள் முதன்மையானவர் அக்பர் ஹைதரி. 1918இல் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றது. 1919இல் வகுப்புகள் தொடங்கின. உருது பயிற்று மொழியாகவும், ஆங்கிலம் அனைவரும் கற்க வேண்டிய கட்டாயப் பாடமாகவும் அமைந்தன. கலை, இறையியல் ஆகிய புலங்களுடன் தொடங்கிய அப்பல்கலைக் கழகம் பின்னர் அறிவியல், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றுக்கும் விரிந்தது.

வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே, 1917இல், மொழிபெயர்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. ‘தாருத் தர்ஜுமா’ என்னும் பெயரால் இது பரவலாக அறியப்படுகிறது. நூல் இல்லாமல் வகுப்பு இல்லை, சொல் இல்லாமல் நூல் இல்லை என்னும் வரிசையை அமைப்பாளர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். மௌல்வி அப்துல் ஹக் இதன் தொடக்கப் பொறுப்பை ஏற்றார். உமராவ் ஜான் அதா என்னும் புதினத்தால் புகழ்பெற்ற மிர்சா ஹாதி ருஸ்வா, கவிஞர் ஜோஷ் மலீஹாபாதி, அப்துல் மாஜித் தரியாபாதி முதலிய எழுத்தாளர் பலர் வெவ்வேறு காலங்களில் இங்குப் பணியாற்றினர். பணியகம் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை உருதுவில் கொண்டு வந்தது.

பணியகத்தின் நடைமுறை மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. துறை வல்லுநரும் மொழி வல்லுநரும் ஒரே குழுவில் அமர்ந்து சொற்களை முடிவு செய்தனர். மொழிபெயர்ப்பு முடிந்தபின் மொழிநடையைச் சரிபார்க்க இலக்கிய மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். ஜோஷ் அப்பொறுப்பில் இருந்தவரே. சமயக் கண்ணோட்டத்தில் நூலைப் பார்க்க மற்றொரு மேற்பார்வையாளரும் இருந்தார். ஆக, ஓர் உயிரியற் சொல் மாணவனை அடையும்முன் துறை, மொழி, நடை, சமயம் ஆகிய நான்கு வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது. காலம் தாழ்த்தும் முறைதான் இது. ஆயினும் ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சொல் பெருகாமல் காத்ததும் இம்முறையே.

4. வேர்ச்சொல் பற்றிய வழக்கு

சொல்லாக்கக் குழுக்களில் எழுந்த முதன்மையான கருத்து வேறுபாடு, புதுச் சொற்களின் வேர் எங்கிருந்து வருதல் வேண்டும் என்பதாகும். ஒரு சாரார் அரபு மொழியே ஊற்றாக வேண்டும் என்றனர். அரபில் மூவெழுத்து வேரிலிருந்து வாய்பாடுகள் வழியாகச் சொற்களை ஒழுங்காகப் பிறப்பிக்கலாம் என்பதும், அம்மொழியில் இடைக்காலத்திலேயே அறிவியல் வளர்ந்திருந்தது என்பதும் அவர்தம் வாதம். ஒன்பதாம் நூற்றாண்டில் அல் ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றியும், அத் தீனவரீ தாவரங்களைப் பற்றியும் அரபில் பெருநூல்கள் எழுதியிருந்தனர்.

மற்றொரு சாராரின் கருத்தை முறையாக எழுதி வைத்தவர் வஹீதுத்தீன் சலீம். ‘வஸ்எ இஸ்திலாஹாத்’, அதாவது கலைச்சொல் ஆக்கம், என்னும் அவருடைய நூல் 1921இல் வெளிவந்தது. உருது தன் அடிப்படை இலக்கணத்தால் இந்திய ஆரிய மொழி. எனவே முன்னொட்டு, பின்னொட்டு, தொகை ஆகியவற்றால் சொல் ஆக்குவதே அதன் இயல்பு. அரபு, பாரசீகம், இந்தி எனப் பாராது கிடைத்த உறுப்புகளை உருதுவின் விதிப்படி இணைக்கலாம் என்பது அவர் கொள்கை. சொல்லின் மூலமொழி எதுவாயினும் அச்சொல்லை ஏற்கும் மொழியின் உருபனியலே ஆட்சி செலுத்த வேண்டும் என்று இதனை இன்றைய மொழியியலார் எடுத்துரைப்பர்.

தமிழறிந்தார்க்கு இவ்வழக்கு புதிதன்று. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும், 1938இல் ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்களைத் தொகுத்து வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொல்லாக்கக் கழகமும், 1940இல் அமைந்த சீனிவாச சாஸ்திரி குழுவும், அக்குழுவின் போக்கை எதிர்த்து எழுந்த தமிழறிஞர் கிளர்ச்சியும் இதே வினாவைச் சுற்றியே நிகழ்ந்தன. அங்கு அரபா, இந்தியா என்ற வினா இங்கு வடசொல்லா, தனித்தமிழா, அனைத்துலகச் சொல்லா என்று வடிவெடுத்தது. இரு மொழியாளரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே சிக்கலோடு போராடினர்.

5. உயிரியற் சொற்கள்: சில ஒப்பீடுகள்

உயிரியலின் சொற்றொகுதி மூவடுக்கு உடையது. முதலாவது, இனங்களின் இருசொற் பெயர்கள். லின்னேயசு வகுத்த மரபில் இவை இலத்தீன் வடிவில் எல்லா மொழிகளிலும் அவ்வாறே வழங்கும். இவற்றை எவரும் மொழிபெயர்ப்பதில்லை. இரண்டாவது, மக்கள் வழக்கிலுள்ள பெயர்கள். வேம்பும் வெளவாலும் எம்மொழியிலும் முன்னரே பெயர் பெற்றவை. மூன்றாவது, கருத்துப் பெயர்கள். நுண்ணோக்கிக்குப் பின் தோன்றிய பொருள்களுக்கும் செயல்களுக்கும் உரிய இவையே புதிதாக ஆக்கப்பட வேண்டியவை. சொல்லாக்கப் பூசல் எல்லாம் இம்மூன்றாம் அடுக்கைப் பற்றியதேயாகும்.

உருதுவில் உயிரியலுக்கு ‘ஹயாத்தியாத்’ என்பது பெயர், தாவரவியல் ‘நபாத்தியாத்’, விலங்கியல் ‘ஹைவானியாத்’. உயிர், தாவரம், விலங்கு எனப் பொருள்படும் அரபுச் சொற்களுடன் துறையைக் குறிக்கும் ஈறு சேர்ந்து இவை அமைந்தன. தமிழில் ‘இயல்’ ஆற்றும் பணியை உருதுவில் இவ்வீறு ஆற்றுகிறது. நுண்ணோக்கிக்கு உரிய ‘குர்த்பீன்’ என்பது பாரசீகத்தில் சிறியதைக் காண்பது எனப் பொருள்படும். தாவரம் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் செயல் ‘ஸியாயீ தாலீஃப்’, அதாவது ஒளியால் ஆகும் இணைப்பு. தமிழ்நாட்டு ‘ஒளிச்சேர்க்கை’, இலங்கை ‘ஒளித்தொகுப்பு’ ஆகியவற்றோடு இது பொருளளவில் ஒத்துப் போகிறது. ஐதராபாத்தின் மற்றொரு மொழியாகிய தெலுங்கில் ‘கிரணஜன்ய சம்யோக கிரிய’ என்பர். கதிரால் பிறக்கும் சேர்க்கைச் செயல் என்பது அதன் பொருள். வேர்கள் நான்கு திசையினின்று வந்தாலும் சொற்கள் சுட்டும் காட்சி ஒன்றே.

எல்லாச் சொற்களிலும் இவ்வொற்றுமை காணப்படுவதில்லை. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலில் கண்ட சிறு அறைகளுக்கு இட்ட பெயரை நோக்குக. அவர் இலத்தீன் மூலமுடைய ‘சிற்றறை’ எனும் சொல்லை எடுத்தார். தேனடையின் அறைகளையும் உவமையாகக் காட்டினார். உருது எடுத்துக்கொண்ட ‘கலிய்யா’ அரபில் தேன்கூட்டைக் குறித்த சொல்லாகும். ஹூக்கின் உவமை இங்குச் சொல்லாகவே நிற்கிறது. இந்தியின் ‘கோசிகா’ உறை என்னும் பொருளிலிருந்து வந்தது. தெலுங்கின் ‘கணம்’ துகளையும் குறிக்கும். தமிழில் ‘உயிரணு’ என்பது உயிரின் அணு என்றாகிறது. இலங்கை வழக்கிலுள்ள ‘கலம்’ கொள்கலத்தை நினைவூட்டுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செல்’ என்றே எழுதுகின்றன. ஒரே பொருளைக் கூடு, உறை, துகள், அணு, கலம் எனப் பல கண்களால் கண்டிருக்கின்றன இம்மொழிகள்.

இவற்றுள் எது சிறந்தது என்பதைக் காட்டிலும், எது பிற சொற்களை ஈன்றது என்பதே மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டிய வினா. ‘கலம்’ என்பதிலிருந்து கலச்சுவர், தனிக்கலம், பல்கலம் எனப் புணர்ச்சி விதிப்படி சொற்கள் இயல்பாகக் கிளைக்கின்றன. ‘செல்’ என்பதிலிருந்தும் செல்சுவர், ஒருசெல் உயிரி என ஆக்கிக் கொண்டுள்ளோம். ஆயின் மின்னியலில் ‘மின்கலம்’ என எழுதும் தமிழ்நாட்டு மாணவன் உயிரியலுக்கு வந்தவுடன் ‘செல்’ என எழுதுவது, இரு துறைக் குழுக்களும் ஒன்றோடொன்று பேசாமல் பணியாற்றியமையைக் காட்டுகிறது.

இரு தமிழ் வழக்குகளுக்கு இடையிலும் கவனிக்க வேண்டிய இடர்கள் உள. இலங்கைப் பாடநூலில் ‘கரு’ என்பது கலத்தின் மையப் பகுதி. தமிழ்நாட்டில் அது ‘உட்கரு’. தமிழ்நாட்டில் ‘கரு’ எனப்படும் வளர்நிலை, இலங்கையில் ‘முளையம்’. எனவே ‘கருவின் பிரிவு’ என்னும் தொடர் இரு நாட்டு மாணவர்க்கும் இரு வேறு பொருள் தரும். உயிருள்ள தனியுடலை இலங்கையில் ‘அங்கி’ என்பர். தமிழ்நாட்டு வாசகர் அச்சொல்லை மேலாடை எனக் கொள்வர். உருதுவில் மேற்கூறிய மையப் பகுதிக்கு ‘மர்கஸா’ என்பது பெயர். ‘மையம்’ என்னும் சொல்லடியாகப் பிறந்த இதில் விதையின் உவமையோ கருவின் உவமையோ இல்லை. இடம் மட்டுமே சுட்டப்படுகிறது. ஆதலின் இம்மயக்கம் அங்கு எழுவதில்லை.

6. வகுப்பறை மொழியும் ஆய்வு மொழியும்

உஸ்மானியாவின் உயிரியல் துறைகள் பெயரளவில் நின்றவையல்ல. விலங்கியல் துறையில் பணியாற்றிய பி. கே. தாஸ் காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் பற்றிய ஆய்வால் அறியப்பட்டவர். தாவரவியல் துறையைச் சேர்ந்த எம். சயீதுத்தீன் ஐதராபாத் அரசின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்துப் பட்டியலிட்டவர். ஆனால் அவர்தம் ஆய்வுகள் அச்சேறிய மொழி ஆங்கிலம். சயீதுத்தீனின் தாவரப் பட்டியல்கள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆங்கில இதழில் வெளிவந்தன. காலையில் உருதுவில் பாடம் சொல்லிய பேராசிரியர் மாலையில் ஆங்கிலத்தில் ஆய்வு எழுதும் நிலை இருந்தது எனலாம்.

இதற்காக அவர்களைக் குறை கூற இயலாது. ஐதராபாத்தின் புல்லினம் ஒன்றைப் பற்றிய குறிப்பைக் கல்கத்தாவிலும் இலண்டனிலும் உள்ளோர் படித்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எனினும் மொழி வரலாற்று நோக்கில் இதன் விளைவு பெரிது. அறிவு ஒரு திசையில் மட்டும் பாய்ந்தது. ஆங்கிலத்திலிருந்து பாடநூல் உருதுவுக்கு வந்தது. ஐதராபாத்தில் கண்டறியப்பட்டது ஆங்கிலத்திற்குச் சென்றது. உருதுவில் மட்டுமே கிடைக்கும் உயிரியற் செய்தி என ஒன்று பெருமளவில் உருவாகவில்லை. அஞ்சுமன் தரக்கீ உருது 1928 முதல் வெளியிட்ட ‘சயன்ஸ்’ என்னும் காலாண்டிதழ் இக்குறையை ஓரளவு நிரப்ப முயன்றது. பொதுவாசகர்க்கு அறிவியலைப் பரப்புவதில் அதன் பணி பெரிதே. ஆயினும் ஆய்வின் முதல் அறிவிப்பு நிகழும் களமாக அது வளரவில்லை.

கலைச்சொல் ஒன்று வகுப்பறையில் மட்டும் வாழுமாயின் அது ஒரே வகை வாக்கியத்தில் மட்டும் பயிலும். வரையறை, விளக்கம், தேர்வு விடை என்பவையே அவ்வாக்கியங்கள். ஐயம், மறுப்பு, புதுக் கண்டுபிடிப்பு, திருத்தம் ஆகியவற்றைக் கூறும் வாக்கியங்களில் அச்சொல் புழங்க வாய்ப்பு ஏற்படுவதில்லை. சொல்லின் பொருள் நுட்பம் கூர்மையடைவதோ பிந்தைய வகை வாக்கியங்களில்தான்.

7. யாருடைய தாய்மொழி?

உஸ்மானியாவைத் தாய்மொழிக் கல்வியின் வெற்றி எனப் போற்றுவோர் ஒரு செய்தியை மறத்தல் கூடாது. நிசாம் ஆட்சிப் பகுதியின் மக்களுள் பெரும்பான்மையினர் தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகியவற்றைப் பேசியோர். உருது ஆட்சி மொழி, நகர மொழி, பலருக்கும் தொடர்பு மொழி. ஆனால் வாரங்கலிலிருந்தோ குல்பர்காவிலிருந்தோ வந்த மாணவன் பலருக்கு அது வீட்டு மொழியன்று. வங்கத்திலிருந்து வந்த பேராசிரியர்க்கும் அன்று. ஆங்கிலத்தை விட உருது அவர்கட்கு அணுக்கமானது என்பது உண்மை. எனினும், தவளையின் உடலை அறுத்துப் பார்க்கும் தெலுங்கு மாணவன் தன் ஊரில் அதன் உறுப்புகளுக்கு வழங்கும் பெயரை வகுப்பில் சொல்ல இடமில்லாமற் போயிற்று. மேற்கூறிய மூவடுக்கில் இரண்டாம் அடுக்காகிய மக்கள் வழக்குப் பெயர்கள் பல்கலைக் கழகத்திற்கு வெளியே நின்றுவிட்டன.

தெலுங்குக்கு அவ்வாய்ப்பு மிகப் பின்னரே கிட்டியது. உயர்கல்விப் பாடநூல்களைத் தெலுங்கில் ஆக்கும் பொருட்டு 1968இல் தெலுங்கு அகாதெமி ஐதராபாத்தில் நிறுவப்பெற்றது. உருதுவில் முன்னரே சேர்ந்திருந்த அனுபவமும் தெலுங்கின் புது முயற்சியும் ஒரே நகரில் அமைந்தும், முன்னதன் சொல்லாக்க உழைப்பு பின்னதற்கு அடிப்படையாக அமையவில்லை. தெலுங்கு பெரும்பாலும் வடமொழி வேர்களை நாடியது.

8. 1948க்குப் பின்

1948 செப்டம்பரில் ஐதராபாத் அரசு இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் உஸ்மானியாவின் பயிற்று மொழி ஆங்கிலமாயிற்று. மொழிபெயர்ப்புப் பணியகமும் மறைந்தது. முப்பதாண்டு உழைப்பு இத்துணை விரைவில் கைவிடப்பட்டதற்கு அரசியல் மாற்றமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மொழி மாற்றம் ஏன் இவ்வளவு எளிதாக நிகழ்ந்தது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஆசிரியர் அனைவரும் ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஆய்வு எழுதியவர். மாணவர் அனைவரும் ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாகக் கற்றவர். உருதுவை விட்டால் இழக்க நேரும் உயிரியற் செய்தி என எதுவும் அவர்கள் கையில் இல்லை. பாடநூல்களின் மூலம் ஆங்கிலத்திலேயே கிடைத்தது.

அச்சொற்கள் முற்றும் இறந்துவிடவில்லை என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம். அப்துல் ஹக் பாகிஸ்தான் சென்றார். உருதுக் கலைச்சொல் பணி அங்குத் தொடர்ந்தது. ஹயாத்தியாத், கலிய்யா, ஸியாயீ தாலீஃப் முதலிய சொற்கள் இன்றும் உருது வழிப் பள்ளிப் பாடநூல்களில் வாழ்கின்றன. ஐதராபாத்திலேயே 1998இல் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக் கழகம் தொடங்கப்பெற்று, உருது வழி உயர்கல்வி மீண்டும் தளிர்த்தது. தன்னை வளர்த்த பல்கலைக் கழகம் கைவிட்ட பின்னும் சொல்லைக் காத்தது பள்ளிக்கூடம். இச்சொற்களுள் அரபு வேருடையவையும் உள; பாரசீக வேருடையவையும் உள. வேரின் பெருமையால் எதுவும் பிழைக்கவில்லை. வேரின் சிறுமையால் எதுவும் அழியவில்லை.

9. தமிழ் அனுபவம்

தமிழில் இதற்கு நேரான நிகழ்ச்சி உஸ்மானியாவுக்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, உடலியக்கம், அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தம் மாணவர் துணையுடன் தமிழாக்கினார். மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்பன அந்நூல்களுட் சிலவற்றின் பெயர்கள். ‘அங்காதிபாதம்’ என்னும் பெயர் ‘கேசாதிபாதம்’ என்னும் இலக்கிய வழக்கை நினைவூட்டும் அழகுடையது.

இன்று உடற்கூறு கற்கும் தமிழ் மாணவருள் ‘அங்காதிபாதம்’ என்னும் சொல்லை அறிந்தவர் அரியர். ‘சுகரணம்’ தமிழ்நாட்டில் ‘உடலியங்கியல்’ என்றும் இலங்கையில் ‘உடற்றொழிலியல்’ என்றும் மாறிவிட்டது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அதன்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வியின் தொடர்ச்சி அறுந்தது. அச்சொற்களை ஏந்திச் செல்லப் பள்ளிக்கூடமும் அன்று அமையவில்லை. உருதுச் சொற்களுக்குக் கிட்டிய புகலிடம் கிறீனின் சொற்களுக்குக் கிட்டவில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

தமிழுக்கு உயிரியலில் மரபு வளம் குறைவன்று. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியும், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் பிரித்தும், விலங்குகளின் இளமைப் பெயர்களைப் பார்ப்பு, பறழ், குருளை, மறி எனத் தனித்தனியே வகுத்தும் காட்டுகிறது தொல்காப்பிய மரபியல். இவ்வளத்தைப் புத்தறிவோடு இணைத்து எழுதியவர் சிலரே. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் விலங்கு, பறவை பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் அவருள் ஒருவர். அவர் பிறர் நூலைத் தமிழாக்கியவர் அல்லர். தாம் காட்டில் கண்டதைத் தமிழில் எழுதியவர். அதனாலேயே அக்கட்டுரைகளில் சொல் தட்டுவதில்லை. காண்பவனுக்குச் சொல் வேண்டியிருந்தபோது மக்கள் வழக்கிலிருந்தோ பழநூலிலிருந்தோ அது கிடைத்தது.

1960களில் கல்லூரித் தமிழ்வழிக் கல்வி தொடங்கியபோது நூற்றுக்கணக்கான பாடநூல்கள் தமிழில் வெளியிடப்பெற்றன. உயிரியல் நூல்களும் அவற்றுள் அடங்கும். அவை உஸ்மானியாவின் நூல்களைப் போலவே வகுப்பறைக்கு உரியவை. அவற்றை எழுதிய பேராசிரியர்களும் தம் ஆய்வுகளை ஆங்கிலத்திலேயே வெளியிட்டனர். அண்மையில், 2022 அக்டோபரில், மத்தியப் பிரதேசம் முதலாண்டு மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. அவற்றில் ஆங்கிலக் கலைச்சொற்கள் பெரும்பாலும் நாகரி எழுத்தில் அவ்வாறே பெயர்த்து எழுதப்பட்டன. உஸ்மானியா சொல்லை ஆக்கியது. போபால் சொல்லைக் கடன் கொண்டது. ஆனால் இரண்டும் கருதியது பாடநூலையே. ஆய்வு எழுத்தைக் கருதிய முயற்சி இன்னும் வரவேண்டியதாகவே உள்ளது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இந்திய மொழியில் பல்கலைக் கழக உயிரியலைக் கற்பிக்க இயலும். ஐதராபாத் முப்பதாண்டுகள் கற்பித்தது. இரண்டு, கலைச்சொல்லின் ஆயுளை அதன் வேர்மொழி முடிவு செய்வதில்லை. பள்ளி முதல் பல்கலைக் கழகம் வரை அறாத தொடர்ச்சியே முடிவு செய்கிறது. மூன்று, வகுப்பறைத் தொடர்ச்சி மட்டும் போதாது. அம்மொழியில் மட்டுமே கிடைக்கும் அறிவு சிறிதேனும் இருந்தாலன்றி, அரசியற் காற்று திரும்பும்போது அம்மொழியைக் காக்க எவர்க்கும் தேவை ஏற்படுவதில்லை.

இவற்றிலிருந்து நாம் செய்யத்தக்கவை சில உள. கலைச்சொல் அகராதிகள் தமிழ்நாட்டு வழக்கையும் இலங்கை வழக்கையும் அருகருகே தந்து, ‘கரு’, ‘அங்கி’ போன்ற மயக்கச் சொற்களைத் தனியே சுட்டுதல் வேண்டும். வட்டாரத் தாவர, விலங்குப் பெயர்களைத் துறை வல்லுநரும் மொழியியலாரும் ஒன்றாகக் களத்திற்குச் சென்று தொகுத்தல் வேண்டும். தமிழகத்து நிலங்களைப் பற்றிய உயிரியல் ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் அமையினும், அவற்றின் விரிவான தமிழ் வடிவம் ஒன்றையும் ஆய்வாளரே எழுதுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எழுதும் சுருக்கம் அதற்கு ஈடாகாது. ஒரு குளத்தில் எத்துணை மீனினங்கள் உள, அவற்றுள் எவை குறைந்து வருகின்றன என்பதை அக்குளக்கரையில் வாழ்வோர் தம் மொழியில் படித்துத் திருத்தம் சொல்லும் நாளில், உயிரியற் சொல் எம்மொழி வேருடையது என்னும் வழக்கு தானே தணியும்.